காட்டக்கூடாத இடம்

அந்தக் கணவனையும் மனைவியையும் என்னிடம் அழைத்து வந்தவர் ஆத்தூர்ப் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரர் ஒருவர். வரப்புத் தகராறு ஒன்றில் அவருக்காக நான் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வாய்தாவுக்காகத் திண்டுக்கல் வந்தவர், என் ஆபீஸ் கதவைப் பாதி திறந்துகொண்டு சொன்னார்.

"வக்கீலம்மா, நம்ம கேஸு கெடக்கட்டும். இவுகளைச் செத்த நேரம் பாருங்க. எங்க தோட்டத்துல பூ எடுக்க வாரவுக. மலைக்காரவுக."

பளியர்கள். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை தெரியும். அந்த மலைகளில் எங்களுக்கெல்லாம் முன்பிருந்தே இருப்பவர்கள் அவர்கள். நாகல் நகரில் என் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கடுக்காய் மொத்த வியாபாரம் செய்தார். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வேண்டும். கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதைப் பொறுக்கி எடுப்பது யார் என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. மலையிலிருந்து வருகிறது என்பார்கள். அவ்வளவுதான்.

நாற்காலியைக் காட்டினேன். கணவர் உட்காரவில்லை, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். அன்றைக்குப் பெரும்பாலும் பேசியது அவர்தான்.

ஆத்தூர் அணைக்கு மேலே, மலைச்சரிவில், ஓடை ஓரமாக அவர்களுக்கு ஒரு மேடு உண்டு. எலுமிச்சை மரங்கள், கொஞ்சம் இலவ மரங்கள், கிழங்கு விளையும் ஒரு சரிவு. கணவரின் அப்பா காலத்திலும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பிறகு அரசாங்கம் அடிவாரத்தில் காலனி வீடு கட்டிக் கொடுத்து இறங்கி வரச் சொன்னது. இறங்கி வந்தார்கள். இரவு காலனியில், பகல் மேட்டில் என்று கொஞ்ச காலம் ஓடியது. அப்புறம் வனத்துறைக்காரர்கள் மேட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இவர்களும் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். யாராவது சத்தம் போட்டால் விலகிப் போய்விடுவது அவர்கள் வழக்கம்.

"சண்டை எதுக்குன்னு வந்துருவோம்" என்றார் மனைவி.

வன உரிமைச் சட்டம் வந்த பிறகு அவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. காட்டில் தலைமுறையாக இருப்பவர்களின் நிலம் அவர்களுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிற சட்டம் அது. கிராம சபை கூடி இவர்களுக்காகத் தீர்மானம் போட்டது. அது கோட்ட அளவிலான குழுவுக்குப் போனது. அங்கே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணையில் கணவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம்: அந்த இடத்தில் தொடர்ந்து இருந்தீர்களா?

"இவுக இல்லைன்னுட்டாக" என்றார் மனைவி, கணவரைத் திரும்பிப் பார்க்காமல்.

"ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இல்லதானேம்மா. பிள்ளை செத்தப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கம் போயிட்டோம்ல."

அவர்களுக்கு மூத்தது ஒரு பெண் குழந்தை. காலனி வருவதற்கு முன்பே, காய்ச்சலில் அந்த மேட்டுக் குடிசையிலேயே இறந்துபோனது. அவர்கள் வீட்டு வழக்கப்படி, சாவு விழுந்த குடிசையில் அப்புறம் யாரும் குடியிருக்க மாட்டார்கள். பிள்ளையை அங்கேயே கொஞ்ச தூரத்தில் புதைத்துவிட்டு, குடிசையை அப்படியே போட்டுவிட்டு, ஓடைக்கு அக்கரை போய் வேறு குடிசை போட்டுக்கொண்டார்கள். எலுமிச்சை பறிக்க மட்டும் இக்கரைக்கு வருவார்கள். சில வருடம் கழித்து, இரண்டாவது மகள் பிறந்த பிறகு, மேட்டின் இன்னொரு மூலைக்குத் திரும்பினார்கள். இதையெல்லாம் அவர் அங்கே விளக்கவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னார். நிலத்தைத் தொடர்ந்து அனுபவித்து வந்தது நிரூபிக்கப்படவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

தோட்டக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு" என்றார்.

கணவர் அவரைப் பார்த்தார்.

மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம், கெடு இன்னும் முடியவில்லை என்று அவர்களிடம் சொன்னேன். வழக்கு எனக்குச் சிக்கலானதாகத் தெரியவில்லை. ஒரே குடிசையில் காலமெல்லாம் குந்தியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இடம் மாறி மாறி வாழ்ந்தாலும் அந்த நிலம் அவர்கள் கையில் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பத்திரம் வேண்டியதில்லை. பழைய குடிசையின் அடித்தளம், கல் அணைப்பு, வைத்த மரங்கள், சாமி கும்பிடும் இடம், இறந்தவர்களைப் புதைத்த இடம் எல்லாமே சாட்சி என்று விதியிலேயே இருக்கிறது.

ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். குடிசை அடித்தளம் மழையில் போய்விட்டது. எலுமிச்சை, பறவை போட்ட விதையில் முளைத்தது என்று வனத்துறைக்காரர்கள் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். அவர்கள் கும்பிடும் பளிச்சியம்மன் கல் மேட்டில் இல்லை, எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாக வேறொரு சரிவில் இருந்தது.

"பிள்ளையைப் புதைச்ச இடம் இருக்கில்ல அக்கா?" என்றேன்.

மனைவி மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கணவர் வெளியே போய்விட்டார். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது.

"அங்கெல்லாம் போகமாட்டோம்மா" என்றார் மனைவி. "வச்சா வச்சதுதான். திரும்பிப் பாக்கக் கூடாது. அது பாட்டுக்குக் கெடக்கணும்."

பிறகு அவர், "உங்க ஆளுக போவீகளா?" என்று கேட்டார்.

"ஆம்பளைங்க போவாங்க. நாங்க போகமாட்டோம். எங்க அத்தாவை அடக்கின இடத்தை நான் பாத்ததே இல்லை."

"பாக்கணும்னு இருக்குமா?"

"இருக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அத்தா இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. அதைப் பற்றி அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கள் தெருவில் கேட்க வேண்டிய அவசியமும் கிடையாது. பள்ளிவாசலை ஒட்டிய அந்த நிலம் ஜமாத்தின் பெயரில் இருக்கிறது. சுவர் இருக்கிறது, கேட் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து என் தம்பி போய்விட்டு வந்து, "அத்தா மேல மருதாணிச் செடி நல்லா வந்திருக்கு" என்பான். அம்மாவும் நானும் கேட்டுக்கொள்வோம். அது எங்கள் இடம்தானா என்று நிரூபிக்கச் சொல்லி யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை.

மேல்முறையீட்டை எழுதிப் போட்டேன். மாவட்டக் குழு, மறுபடி நேரில் போய்ப் பார்த்து வரும்படி உத்தரவிட்டது. சர்வேயரும் வனத்துறையின் வனவரும் வருவார்கள், உரிமை கோருபவர் இடங்களைக் காட்ட வேண்டும். சேதியைச் சொல்லத் தோட்டக்காரருக்குப் போன் செய்தேன். காலனியில் யாருடைய போனும் சரியாக எடுக்காது.

அடுத்த வாரம் கணவர் மட்டும் தனியாக வந்தார். எண்ணெய் தடவித் தலை வாரியிருந்தார். சட்டை, யாரோ கொடுத்த வெள்ளைச் சட்டை, தோளில் தொளதொளவென்று நின்றது. இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"நான் காட்டுறேன்" என்றார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவ வரமாட்டா. நான் தூரத்துல நின்னு கைய மட்டும் காட்டுறேன். அது போதுமாம்மா?"

"போதும்" என்றேன். "உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம் அண்ணே. மத்த வழி ஏதாவது இருக்கான்னு பாப்போம்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னவளைச் சிறுமலைப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. அங்கயும் இதே கதைதான். எதையாவது ஒன்னை அவளுக்குக் காட்டிட்டுப் போகணும்ல."

ஆய்வு நாளன்று நானும் போனேன். ஆத்தூர் வரை பஸ், அங்கிருந்து தோட்டக்காரரின் வண்டி, அப்புறம் நடை. மலை ஏறிப் பழக்கமில்லாததால் அடிக்கடி நின்று நின்று போனேன். அணைத் தண்ணீர் கீழே தட்டாகத் தெரிந்தது. அதற்கப்பால் வயல்களும் தென்னந்தோப்புகளும். தினமும் கீழேயிருந்து பார்த்த மலையில் நின்று அந்தச் சமவெளியைப் பார்க்க எனக்கு வேற்றூர்போல இருந்தது.

மேடு பெரிய இடமில்லை. உண்ணிச்செடி பாதி இடத்தை மூடியிருந்தது. எலுமிச்சை மரங்களில் சில காய்ந்து நின்றன. கணவர் ஒவ்வொரு மரமாகக் காட்டிக்கொண்டு போனார். இது அப்பா வைத்தது, இது நான் வைத்தது. குரலில் நான் அதுவரை கேட்டிராத தெளிவு. வனவர் நல்ல மனிதராகவே நடந்துகொண்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

மேட்டின் முடிவில் கணவர் நின்றுவிட்டார். பாறைகளுக்குக் கீழே சின்னச் சின்னக் கற்கள் வரிசையாகத் தெரிந்த ஓர் இடத்தை நோக்கிக் கையை நீட்டினார். "அங்கதான்" என்றார்.

சர்வேயர் இளவயதுக்காரர், அவசரத்தில் இருந்தார். "இங்கிருந்து பாயிண்ட் எடுக்க முடியாது. இடத்துல நின்னுதான் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். கற்களின் நடுவில் நின்று, கருவியை நீட்டிப் பிடித்து, சிக்னல் வருகிறதா என்று இப்படியும் அப்படியும் காலை மாற்றி வைத்தார். நான் அவரைக் கூப்பிட்டேன். "செருப்பையாவது கழட்டுங்க சார்" என்றேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்து, ஒரு காலை எடுத்து ஒதுங்கி நின்றார். அதற்குள் வேலை முடிந்திருந்தது.

கணவர் அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கைகளும் தொங்கிக் கிடந்தன. இறங்கி வரும்போது அவர் எங்களோடு வரவில்லை. வேறு ஒரு தடத்தில் தனியாக இறங்கி, நாங்கள் சேர்வதற்கு முன்பே காலனியில் போய் உட்கார்ந்திருந்தார். மனைவி எனக்கு வரக்காப்பி கொடுத்தார். என்ன நடந்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

அதன் பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. கலெக்டர் மாறினார். குழு கூடவில்லை. நான் போய்க் கேட்கும்போதெல்லாம் கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். இடையில் தோட்டக்காரரின் வரப்பு வழக்கு முடிந்தது. அவர் சந்தோஷத்தில் ஒரு கூடை மல்லிகைப்பூ அனுப்பினார். அதைக் கொண்டுவந்தவர் அந்த அக்காதான். பூக்கூடையை மேசை மேல் வைத்துவிட்டு, "அவுகளை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு" என்றார்.

காசநோய். வெகு நாளாக இருமல் இருந்திருக்கிறது. மாத்திரை வாங்கினார், மிளகு பறிக்க மேல்மலைக்குக் கூலிக்குப் போனபோது நடுவில் விட்டுவிட்டார். அரசு ஆஸ்பத்திரிக்கு அன்று மாலையே அவரோடு போனேன். வார்டில் கடைசிக் கட்டில். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுங்க அண்ணே."

"தாள் வந்துருச்சாம்மா?"

"வரும். எல்லாம் சரியா இருக்கு. சர்வே ரிப்போர்ட்டு நமக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்காங்க."

"அப்பச் சரி" என்றார்.

காலனியிலிருந்து பார்க்க வந்திருந்த அவருடைய தங்கை, வராந்தாவில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அங்க போயி மிதிச்சதுக்குத்தான் இது. நாங்க அப்பவே சொன்னோம்." மனைவி பக்கத்தில்தான் நின்றார். தட்டிலிருந்த இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார், ஊட்டக் கொண்டுபோகவில்லை. நோய் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதை அந்த வராந்தாவில் எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. சட்டம் சொல்வதைச் சொன்னது நான். போவது என்று முடிவெடுத்தது அவர். இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் இறந்துபோனார். ஆம்புலன்ஸில் காலனிக்குக் கொண்டுபோய், அடிவாரத்துப் பொது இடத்தில் புதைத்தார்கள். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மனைவி காலனி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகாமல் வெளியிலேயே இருந்தார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"வீட்டுல செத்தா வீட்ட விட்டுட்டுப் போவோம்" என்றார். "ஆஸ்பத்திரியில செத்தா எதம்மா விட்டுட்டுப் போறது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் அப்படித்தான் செய்வோம். பேச மாட்டோம், கையைப் பிடித்துக்கொள்வோம். அவருக்கு அது பழக்கமில்லை போல. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

பட்டா வந்தது. பல மாதம் கழித்துத்தான் வந்தது, ஆனால் வந்தது. கலெக்டர் அலுவலகத்தில் ஒரு சின்ன விழா. வரிசையாகக் கூப்பிட்டார்கள். இந்தச் சட்டப்படி பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். மேல்முறையீட்டின்போது எழுதிக் கொடுத்தபடியே அச்சடித்திருந்தார்கள். மைக்கில் முதலில் கணவர் பெயரைப் படித்தார்கள். மனைவி எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவையும் அதே பெயரைப் படித்தார்கள். பின் வரிசையில் இருந்த நான், "அக்கா, உங்களைத்தான்" என்றேன். அவர் போய் வாங்கிக்கொண்டார். போட்டோவுக்கு நிற்கச் சொன்னதும் நின்றார்.

வெளியே வேப்பமர நிழலில் வைத்து அதைப் படித்துப் பார்த்தேன். கேட்டதில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்திருந்தார்கள். எலுமிச்சை மரங்கள், ஓடைக் கரை, கிழங்குச் சரிவில் ஒரு பகுதி. கூடவே ஒரு வரைபடம். அதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றுதான் தெரிந்தது. எல்லைக்கோடு பாறைகளுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. எந்த இடத்தைச் சாட்சியாக வைத்து நிலம் அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டார்களோ, அந்த இடம் நிலத்தில் சேரவில்லை.

அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அக்கா, பாறைப் பக்கம் இதுல வரலை. மிச்சத்துக்கு ஐகோர்ட்டுக்குப் போகலாம். நான் எழுதுறேன்."

"பிள்ளை இருக்கிற எடமா?"

"ஆமா."

அவர் என் கையிலிருந்து பட்டாவை வாங்கிக்கொண்டார். மனுக் கொடுக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "கேட்டா, மறுபடி அளக்க வருவாகளா?" என்றார்.

"வருவாங்க."

"அப்ப வேணாம்மா. இருக்கட்டும்."

"அது உங்க இடம் அக்கா."

"இருக்கட்டும்மா" என்றார் மறுபடி. அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மருத்துவமனையிலும் அழவில்லை, காலனியிலும் அழவில்லை. வேப்பமரத்தடியில், பட்டாவை நனையாமல் ஒரு கையில் விலக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது அவர் மேட்டுக்குப் போகிறார். உண்ணிச்செடியை வெட்டிக் கொஞ்சம் இடம் துப்புரவாகியிருக்கிறது. செக்போஸ்ட்டில் இருப்பவர் மாறும்போதெல்லாம் பட்டாவைக் காட்டச் சொல்கிறார்களாம். லேமினேட் செய்த நகல் ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறார். எலுமிச்சையைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். பூ எடுக்கவும் போகிறார், நிலம் மட்டும் அவருக்குச் சோறு போட்டுவிடாது. காலனியில் மற்றக் குடும்பங்களின் விண்ணப்பங்கள் இன்னும் கிடப்பில்தான் இருக்கின்றன. தேன் எடுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் பொதுவாகக் கேட்ட உரிமைக்கு இதுவரை பதிலே இல்லை.

சமீபத்தில் ஒருநாள் சின்ன மகளோடும் மருமகனோடும் ஆபீஸுக்கு வந்தார். சிறுமலைப் பக்கம் அவர்கள் ஊரிலும் இப்போது விண்ணப்பம் போடுகிறார்கள். மருமகன் விவரமாகப் பேசினார். என்னென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டு வந்தேன். வைத்த மரங்கள், கட்டின கல், வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரின் வாக்குமூலம். அவர் செல்போனில் பேசிப் பதிவு செய்துகொண்டார். அம்மாக்காரர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"இம்புட்டும் போதுமாங்க? வேற எதும் இருக்கா?" என்றார் மருமகன்.

பட்டியலில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. நான் நிமிர்ந்தேன். அம்மாக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போதைக்கு இதைக் கொண்டுவாங்க" என்றேன்.

அவர்கள் சிறுமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தார்கள். மகளும் மருமகனும் இறங்கிய பிறகு அவர் ஒரு நிமிடம் பின்தங்கி, "வாரேம்மா" என்றார். நானும் கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மத்தியானம் ஒரு செக் கேஸ் இருந்தது.